பிள்ளைகள் எப்படிக் கற்கிறார்கள்? கடலூர், புதுச்சேரி ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குறுவள மையக் கூட்டம் (பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் கூட்டம்), விடைத்தாள் திருத்தும் முகாம், மதியச் சாப்பாட்டு நேரம் என்று நாலு ஆசிரியர்கள் சேரும் இடத்தில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. கடலூர்ப் பக்கம் கேட்டவை அதிகம், புதுச்சேரியில் கேட்டவை கொஞ்சம். ஆய்வு சொல்வது எது, என் அபிப்பிராயம் எது என்று அந்தந்த இடத்தில் பிரித்தே எழுதியிருக்கிறேன். நான் கணக்கு எடுப்பவன். உதாரணங்கள் அந்தப் பக்கமே சாயும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"புரிஞ்சுதா?" என்றால் "புரிஞ்சுது சார்" என்கிறார்கள். மூன்று வாரம் கழித்துக் கேட்டால் திருதிருவென்று விழிக்கிறார்கள். பொய் சொல்கிறார்களா?

பொய் இல்லை. அந்த நேரத்தில் புரிந்தது நிஜம். கரும்பலகையில் கணக்கு இருக்கிறது, உங்கள் குரல் காதில் இருக்கிறது, அடுத்த வரி என்ன என்று நீங்களே சொல்லிவிடுகிறீர்கள். அத்தனை துணையும் இருக்கும்போது புரியாமல் இருந்தால்தான் ஆச்சரியம். மூன்று வாரம் கழித்து அந்தத் துணை எதுவும் கிடையாது. பிள்ளை தனியாக நிற்கிறான்.

மறதியை முதலில் அளந்து பார்த்தவர் ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர். அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று குறித்துவைத்து 1885இல் வெளியிட்டார். மறதி முதல் சில மணி நேரத்தில்தான் வேகமாக நடக்கிறது, அப்புறம் மெதுவாகிறது என்பது அவர் கண்டது. நம் பாடங்களுக்கு அர்த்தம் இருப்பதால் அவ்வளவு வேகமாக மறக்காது. ஆனாலும் போக்கு அதேதான்.

வகுப்பு முடியும்போது பிள்ளை செய்து காட்டுவது ஒன்று, அவனிடம் தங்கியது வேறொன்று. இரண்டும் ஒரே பக்கம் போகும் என்று நாம் நம்புகிறோம். பல நேரம் எதிர்த் திசையில் போகின்றன. அதற்கான ஆதாரங்கள் கீழே வரும். என்னைக் கேட்டால், கற்றல் பற்றிய ஆய்வுகளிலிருந்து ஓர் ஆசிரியர் ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்ள வேண்டும் என்றால் அது இதுதான்.

அப்படியென்றால் தங்குவதற்கு என்னதான் செய்வது? இன்னும் இரண்டு தடவை நடத்தலாமா?

இன்னொரு தடவை நடத்துவதை விட, பிள்ளையை நினைவிலிருந்து எடுக்கச் சொல்வது பலன் தரும்.

அமெரிக்காவில் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக்கி இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. கல்லூரி மாணவர்களுக்கு ஒரு அறிவியல் பத்தி கொடுத்தார்கள். ஒரு குழு அதை நான்கு தடவை படித்தது. இன்னொரு குழு ஒரு தடவை மட்டும் படித்துவிட்டு, தாளை மூடிவைத்து, நினைவில் இருந்ததை மூன்று தடவை எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது நான்கு தடவை படித்தவர்களே முன்னால் நின்றார்கள்: 83 சதவீதம், மற்றவர்கள் 71. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழ். படித்துப் படித்துப் பார்த்தவர்கள் 40, எழுதிப் பார்த்தவர்கள் 61.

நம் ஊருக்கு இது புதுச் செய்தி என்று சொல்ல மாட்டேன். மாணவன் செய்ய வேண்டியவற்றைச் சொல்லும்போது நன்னூல் "பாடம் போற்றல்" என்பதற்கு அடுத்து "கேட்டவை நினைத்தல்" என்று தனியாக ஒன்றை வைக்கிறது. ஆசிரியரிடமிருந்து வருவது கால் பங்கு, கூடப் படிப்பவர்களோடு பழகுவதில் கால் பங்கு, மீதி அரைப் பங்கு பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் வரும் என்றும் பவணந்தியார் கணக்குப் போடுகிறார். கால், அரை என்பதை அப்படியே அளவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். திசை சரியானது.

வகுப்பில் நான் சொல்லும் வழி இது. பீரியட் தொடங்கியதும் புத்தகம் மூடியிருக்கட்டும். கரும்பலகையில் நான்கு கேள்வி: நேற்றுப் பாடத்தில் இரண்டு, போன வாரத்தில் ஒன்று, போன மாதத்தில் ஒன்று. ரஃப் நோட்டில் எழுதட்டும், நான்கு நிமிடம். பிறகு விடையைச் சொல்லிவிடுங்கள், அவரவரே திருத்திக்கொள்ளட்டும். வருகைப் பதிவு எடுக்கும் நேரத்திலேயே இது முடிந்துவிடும். போன மாதக் கேள்வியைப் பார்த்ததும் வகுப்பு முழுக்க ஒரு முனகல் வரும். அந்த முனகல் வராவிட்டால்தான் கேள்வி ரொம்பச் சுலபம் என்று அர்த்தம்.

ஏற்கெனவே ஸ்லிப் டெஸ்ட், வாரத் தேர்வு, வளரறி (பாடத்தின் நடுவே வரும் மதிப்பீடு), தொகுத்தறி (பருவ முடிவுத் தேர்வு) என்று பிள்ளைகள் நொந்து போயிருக்கிறார்கள். இன்னும் டெஸ்டா?

மார்க் போடாதீர்கள், பதிவேட்டில் ஏற்றாதீர்கள், வீட்டில் கையெழுத்து வாங்கி வரச் சொல்லாதீர்கள். அப்புறம் அது டெஸ்ட் இல்லை, பயிற்சி. ஸ்லிப் டெஸ்டில் நமக்கு ஆகாதது அதன் பின்னால் வரும் மார்க்கும் திட்டும்தான். கேள்வி கேட்பதில் குற்றமில்லை.

மார்க் என்ற எண்ணுக்கு இன்னொரு கெட்ட பழக்கம் உண்டு. ரூத் பட்லர் 1988இல் இஸ்ரேல் பள்ளிப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வில், சிலருக்கு மதிப்பெண் மட்டும் கொடுத்தார், சிலருக்கு எழுத்தில் கருத்து மட்டும், சிலருக்கு இரண்டும். கருத்து மட்டும் பெற்றவர்களே அடுத்த வேலையில் முன்னேறினார்கள். இரண்டையும் பெற்றவர்களுக்குக் கருத்தால் பலன் இல்லை. நம் வகுப்பிலும் பார்க்கலாமே. விடைத்தாள் கையில் வந்ததும் பிள்ளையின் கண் மேல் மூலைக்குப் போகும், அடுத்து பக்கத்துப் பையன் தாளுக்குப் போகும். நீங்கள் சிவப்பு மையில் ஓரத்தில் எழுதியதை யார் பார்க்கிறார்கள்?

மனப்பாடம் கூடாது என்கிறார்கள். வாய்ப்பாடு கூட வேண்டாமா?

வேண்டும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஒரு நேரத்தில் மனதில் பிடித்து வைத்துக்கொண்டு வேலை செய்யும் இடம் மிகச் சின்னது. 1956இல் ஜார்ஜ் மில்லர் ஏழுக்கு முன்பின் இரண்டு என்றார். பிற்பாடு நெல்சன் கோவன் அதை ஏறத்தாழ நான்காகக் குறைத்தார். டீக்கடை பெஞ்ச் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் உட்காரலாம், ஐந்தாவது ஆள் வந்தால் யாராவது ஒருவர் எழுந்திருக்க வேண்டியதுதான்.

இப்போது 2x + 3(x − 4) = 18 என்ற சமன்பாட்டை எட்டாம் வகுப்பில் எழுதிப் பாருங்கள். மூநான்கு பன்னிரண்டு என்று யோசிக்காமல் வருகிற பிள்ளைக்கு அடைப்பைப் பிரிப்பது, குறியைக் கவனிப்பது, 5x − 12 = 18 என்று சேர்ப்பது, இது மட்டும்தான் வேலை. வாய்ப்பாடு வராத பிள்ளை விரலை மடக்கி நாலு, எட்டு, பன்னிரண்டு என்று எண்ணிவிட்டுத் திரும்பும்போது, எதற்காகப் பெருக்கினோம் என்பதே போயிருக்கும். கழித்தல் குறி தொலைவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். நாம் "கவனக்குறைவு" என்று எழுதித் தள்ளிவிடுகிறோம். அது கவனக்குறைவு இல்லை, இடப் பற்றாக்குறை.

ஆகவே வாய்ப்பாடு, வேதியியல் குறியீடுகள், செய்யுள், சொல்வளம் இதெல்லாம் மனதில் இருக்க வேண்டிய சரக்கு. நான் எதிர்ப்பது கைடில் உள்ள ஐந்து மதிப்பெண் விடையை அப்படியே உருப்போடுவதை. கேள்வியில் ஒரு சொல் மாறினால் அந்த விடை உதவாது. தன் சொந்த வாக்கியத்தில் சொல்லத் தெரியாத எதையும் பிள்ளை கற்றுவிட்டதாக நான் எடுத்துக்கொள்வதில்லை.

நேரடியாக நடத்துவதா, குழுவாக விட்டுக் கண்டுபிடிக்கச் சொல்வதா? பயிற்சியில் ஒருவர் வந்து ஒன்று சொல்கிறார், அடுத்தவர் வேறு சொல்கிறார்.

யாருக்கு, எந்தக் கட்டத்தில் என்று கேட்காமல் இதற்குப் பதில் இல்லை.

முதன்முதலாக ஒன்றைக் கற்பவருக்கு, முழுதாகச் செய்து காட்டிய மாதிரிக் கணக்குகள் உதவுகின்றன. ஜான் ஸ்வெல்லர் 1980களில் இயற்கணிதத்தில் இதைக் காட்டினார். மாதிரிக் கணக்கு ஒன்றைப் படித்து, அதே வகையில் ஒன்றைச் செய்து, மறுபடி மாதிரி ஒன்று, மறுபடி செய்வது ஒன்று என்று போனவர்கள், வெறுமனே கணக்குகளைப் போட்டுத் தள்ளியவர்களை விட விரைவாகக் கற்றார்கள். தேர்ந்துவிட்ட பிறகு அதே மாதிரிக் கணக்குகள் தொந்தரவாகிவிடுகின்றன. ஆகவே தொடக்கத்தில் கையைப் பிடித்துக் கூட்டிப் போங்கள், பிறகு படிப்படியாக விடுங்கள். முதல் கணக்கு முழுவதும் உங்களுடையது. இரண்டாவதில் கடைசி வரி அவர்களுடையது. மூன்றாவதில் பாதி. குழுச் செயல்பாடு அதற்குப் பிறகு வந்தால் பேசுவதற்கு ஏதாவது இருக்கும். ஒன்றும் தெரியாத ஐந்து பேரை வட்டமாக உட்கார வைத்தால் சார்ட்டில் பூ வரைவார்கள், ஒருத்தி எழுதுவாள்.

புதுச்சேரியில் இதைப் பேசினால் ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமப் பள்ளியை யாராவது இழுப்பார்கள். நியாயம்தான். 1943 டிசம்பரில் தொடங்கிய அந்தப் பள்ளி, பிள்ளையின் போக்கில் விடும் முறைக்குப் பெயர் பெற்றது. பட்டமோ சான்றிதழோ கொடுப்பதில்லை. எதையும் கற்பித்துவிட முடியாது, ஆசிரியர் வழிகாட்டி மட்டுமே என்பது ஸ்ரீ அரவிந்தரின் முதல் கொள்கை. பலரும் அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அருகில் இருப்பதிலிருந்து தொலைவில் இருப்பதற்குப் போக வேண்டும் என்பது அவருடைய மூன்றாவது கொள்கை. பிள்ளைக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று ஆசிரியர் அறிந்திருந்தால்தான் அது நடக்கும். சும்மா விட்டுவிடுவதற்கு அவர் பெயரைத் துணைக்கு அழைக்க முடியாது.

பயிற்சிக் கணக்குகளை ஒரே வகையாக அடுத்தடுத்துக் கொடுத்தால் நன்றாகப் போடுகிறார்கள். தேர்வில் ஏன் சொதப்புகிறார்கள்?

அடுத்தடுத்து ஒரே வகை என்பதால்தான். பத்தாம் வகுப்பு அளவியலில் கன அளவுப் பயிற்சி என்றால், கணக்கைப் படிக்காமலே எந்தச் சூத்திரம் என்று தெரியும். தேர்வில் கூடாரத்துக்கு எவ்வளவு துணி, தொட்டியில் எவ்வளவு தண்ணீர் என்று கேட்பார்கள். வளைபரப்பா, மொத்தப் பரப்பா, கன அளவா என்று முடிவெடுப்பதுதான் முதல் வேலை. அந்த முடிவை எடுக்க நாம் பழக்கவே இல்லை.

டக் ரோரரும் கெல்லி டெய்லரும் 2007இல் இதைச் சோதித்தார்கள். நான்கு வகைத் திண்ம உருவங்களின் கன அளவு. ஒரு குழுவுக்கு வகைவாரியாக, இன்னொரு குழுவுக்குக் கலந்து. பயிற்சியின்போது வகைவாரிக் குழு 89 சதவீதம் சரியாகப் போட்டது, கலப்புக் குழு 60. ஒரு வாரம் கழித்து வகைவாரிக் குழு 20க்கு விழுந்தது, கலப்புக் குழு 63. முன்னே சொன்னேனே, எதிர்த் திசையில் போகும் என்று, இதைவிடத் தெளிவாக அதைக் காட்ட முடியாது. 89ஐப் பார்த்த ஆசிரியர் சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருப்பார்.

செலவில்லாத வழி: பயிற்சியின் முதல் மூன்று கணக்குகளை இன்று போடுங்கள். மீதியைப் பிரித்து அடுத்த வாரங்களின் வீட்டுப்பாடத்தில் பழைய பாடக் கணக்குகளோடு கலந்துவிடுங்கள். பெற்றோர் "போன மாதப் பாடத்தை ஏன் கொடுக்கிறீர்கள்?" என்று வாட்ஸ்அப் குழுவில் கேட்பார்கள். ஒரு தடவை விளக்கிவிட்டால் போதும்.

துறைமுகத்துப் பையன் ஒருவன். அம்மாவோடு மீன் விற்கும்போது மனக்கணக்கு பிளந்து கட்டுகிறான். வகுப்பில் பெருக்கல் வரவில்லை. எப்படி?

இதே கேள்வியை பிரேசில் நாட்டு ரெசிஃபெ நகரத்தில் கேட்டு 1985இல் விடை கண்டிருக்கிறார்கள் கராஹர் தம்பதியரும் ஷ்லீமனும். தெருவில் வியாபாரம் செய்யும் ஐந்து பிள்ளைகள், 9 வயது முதல் 15 வரை. கடையில் வாடிக்கையாளர் மாதிரி போய்க் கேட்டபோது 98 சதவீதம் சரி. அதே எண்களை வாக்கியக் கணக்காகக் கொடுத்தபோது 74. வெறும் எண்களாகத் தாளில் கொடுத்தபோது 37.

அதில் 12 வயதுப் பையன் ஒருவனிடம் ஒரு தேங்காய் 35 என்றால் பத்து எவ்வளவு என்று கேட்டார்கள். அவன் ஒரு பூஜ்ஜியம் சேர்க்கவில்லை. மூன்று காய் 105, இன்னும் மூன்று சேர்த்தால் 210, இன்னும் மூன்று 315, ஒன்று பாக்கி, 350 என்று வந்தான். அவனுக்கு மூன்று காயின் விலை பழக்கம், அங்கிருந்து ஏறினான். பங்கீட்டுப் பண்பு (35 × 10ஐ 35 × 3 + 35 × 3 + 35 × 3 + 35 × 1 என்று பிரிப்பது) என்று நாம் கரும்பலகையில் எழுதுவதை அவன் செய்துகொண்டிருக்கிறான், பெயர் மட்டும் தெரியாது.

உங்கள் துறைமுகத்துப் பையனிடம் முதலில் கேட்க வேண்டியது, "நீ எப்படிப் போட்டாய், சொல்லு" என்பது. அவன் சொல்வதை அப்படியே கரும்பலகையில் வரிவரியாக எழுதுங்கள். கிலோ 280 ரூபாய், இரண்டரைக் கிலோ: 280, 280, 140. அதன் பக்கத்தில் புத்தக முறையை எழுதுங்கள். எந்த வரி எந்த வரிக்குச் சமம் என்று அவனையே கோடு போடச் சொல்லுங்கள். அவனுக்குக் கணக்கு வராது என்ற பேச்சை முதலில் ஆசிரியர் அறையில் நிறுத்த வேண்டும்.

தெளிவாக விளக்கிய பிறகும் அதே தப்பைச் செய்கிறார்கள். விளக்கம் போதவில்லையா?

உங்கள் விளக்கத்தில் குறை இருக்காது. பிள்ளையின் மனதில் ஏற்கெனவே வேறொரு விளக்கம் உட்கார்ந்திருக்கிறது, அது அவனுக்கு வேலை செய்கிறது. அதை அசைக்காமல் புதியதை மேலே வைத்தால் தேர்வு முடிந்ததும் பழையது எழுந்து நிற்கும்.

½ + ⅓ = 2/5 என்று எழுதாத ஆறாம் வகுப்பு கிடையாது. நாம் "மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு) எடு" என்று தலையில் குட்டுகிறோம். பிள்ளை எங்கிருந்து இதைக் கற்றான் தெரியுமா? சில்வர் பீச் மணலில் கிரிக்கெட் ஆடுகிற எந்தப் பையனும், இரண்டு மேட்சில் ஒன்று ஜெயித்தோம், அடுத்த மூன்றில் ஒன்று, ஆக மொத்தம் ஐந்துக்கு இரண்டு என்று சரியாகவே சொல்வான். அங்கே மேலோடு மேல், கீழோடு கீழ் கூட்டுவது சரி. ஒரே முழுமையின் பாகங்களைக் கூட்டும்போதுதான் தப்பு. "2/5 அரையை விடப் பெரியதா, சின்னதா? அரை டம்ளர் பாலில் இன்னும் கொஞ்சம் ஊற்றினால் குறையுமா?" என்று கேட்டுவிட்டுச் சும்மா நில்லுங்கள். முகத்தில் குழப்பம் வரட்டும். மீ.சி.ம. அதற்கப்புறம்.

அறிவியலில் எனக்குப் பிடித்தது பருவகாலம். கோடையில் பூமி சூரியனுக்குப் பக்கத்தில் வருகிறது என்று பெரியவர்களே சொல்வார்கள். பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரி முதல் வாரத்தில், ஏறக்குறைய 14.7 கோடி கிலோமீட்டர். ஜூலையில்தான் மிகத் தொலைவு, 15.2 கோடி. மார்கழிப் பனியில் கோலம் போடும்போது சூரியன் பக்கத்தில் இருக்கிறது என்று சொன்னால் வகுப்பு நம்பாது. நல்லது. நம்பாத வகுப்பு கேள்வி கேட்கும், அப்போது அச்சின் சாய்வைப் பற்றிப் பேசுங்கள்.

ஐம்பது பேர் வகுப்பு. கேள்வி கேட்டால் முதல் பெஞ்சில் நாலு பேர்தான் கை தூக்குகிறார்கள்.

கை தூக்குவதை நிறுத்திவிடுங்கள். கேள்வியை முதலில் கேளுங்கள், காத்திருங்கள், பிறகு பெயரைச் சொல்லுங்கள். பெயரை முதலில் சொன்னால் மற்ற 49 பேர் ஓய்வெடுக்கப் போய்விடுவார்கள். மேரி பட் ரோ 1970களில் வகுப்புகளைப் பதிவு செய்து பார்த்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடிக்கு மேல் ஆக்கியதும் விடைகள் நீண்டன, தெரியாது என்பது குறைந்தது, வழக்கமாகப் பேசாதவர்கள் பேசினார்கள். மூன்று விநாடி என்பது நிற்பவருக்கு மூன்று நிமிடம் மாதிரி இருக்கும். மனதுக்குள் ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு என்று எண்ணுங்கள்.

பெயர் எழுதிய ஐஸ் குச்சிகளை டப்பாவில் போட்டு ஒன்றை உருவுவது நன்றாக வேலை செய்கிறது. எடுத்த குச்சியை மறுபடி உள்ளேயே போட வேண்டும், இல்லாவிட்டால் "என் முறை முடிஞ்சுது" என்று நிம்மதியாகிவிடுவார்கள்.

இன்னொன்று விரல் விடை. 0.5, 0.45, 0.305 இதில் பெரியது எது? 0.5 என்றால் ஒரு விரல், 0.45 என்றால் இரண்டு, 0.305 என்றால் மூன்று. நெஞ்சோடு ஒட்டிக் காட்டட்டும், பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. எத்தனை பேர் மூன்று விரல் காட்டுகிறார்கள் என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். அவர்கள் 305ஐ முழு எண்ணாகப் படிக்கிறார்கள்.

பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர் என்று மாணவர்களைப் பிரித்து நடத்த வேண்டுமாமே?

வேண்டாம். 2008இல் ஹெரால்ட் பாஷ்லர் உள்ளிட்ட நான்கு உளவியலாளர்கள் இதற்கான ஆதாரங்களைச் சலித்துப் பார்த்து, பாணிக்கு ஏற்ப நடத்தினால் பலன் கூடும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று எழுதினார்கள். வரைபடத்தை எல்லோரும் பார்த்துத்தான் கற்க வேண்டும், உச்சரிப்பை எல்லோரும் கேட்டுத்தான். வழியைப் பாடம் முடிவு செய்யும்.

மிட் பிரெய்ன் ஆக்டிவேஷன், கண்ணைக் கட்டிக்கொண்டு படிப்பது என்று நோட்டீஸ் கொடுப்பவர்கள் பற்றி ஒரு வரி: பணத்தைக் கொடுக்காதீர்கள்.

ஏழாம் வகுப்பில் எழுத்துக்கூட்டிப் படிப்பவன் ஒருவன், பத்தாம் வகுப்புக் கணக்குப் போடுபவள் ஒருத்தி. ஒரே பாடம் எப்படி நடத்துவது?

"கொள்வோன் கொள்வகை அறிந்து" கொடுக்க வேண்டும் என்றது நன்னூல். தொடக்க வகுப்புகளில் தமிழ்நாட்டு அரசு 2022இல் கொண்டுவந்த எண்ணும் எழுத்தும் திட்டமும் பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தது அதற்காகத்தான். அதற்கு முந்தைய செயல்வழிக் கற்றலில் அட்டையும் ஏணிப்படியும் இருந்ததை மூத்த ஆசிரியர்கள் நினைவு வைத்திருப்பார்கள். பிரிப்பது சரி. ஆபத்து, அரும்பில் போட்ட பிள்ளை வருஷம் முழுக்க அரும்பிலேயே கிடப்பதில் இருக்கிறது.

ஆறு, ஏழு, எட்டில் என் யோசனை: புதுப் பாடம் எல்லோருக்கும் சேர்த்து. பயிற்சி மட்டும் மூன்று கட்டமாக, எந்தக் கட்டத்தில் தொடங்குவது என்பதைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். வாசிக்கவே தடுமாறுபவருக்கு இது போதாது. அவருக்குத் தினமும் பதினைந்து நிமிடம் தனியாக வாசிப்புப் பயிற்சி தேவை, அதற்குக் குறுக்கு வழி இல்லை. கெட்டிக்காரப் பிள்ளையை எந்நேரமும் பக்கத்துப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க வைப்பதும் நியாயமில்லை. விளக்குவதால் அவளுக்கு லாபம் உண்டு, ஆனால் அவளுக்கும் புதிதாகக் கற்க ஏதாவது வேண்டுமே.

புதுச்சேரியில் அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ.க்கு மாறிய பிறகு, தமிழில் படித்து வந்த பிள்ளைகள் ஆங்கிலப் புத்தகத்தோடு மல்லுக்கட்டுகிறார்கள். தமிழில் சொல்லலாமா?

தாராளமாக. அன்றாடம் பேசும் ஆங்கிலம் ஏறக்குறைய இரண்டு வருடத்தில் வந்துவிடும், பாடம் கற்கத் தேவையான ஆங்கிலத்துக்கு ஐந்து முதல் ஏழு வருடம் பிடிக்கும் என்று கனடாவின் ஜிம் கம்மின்ஸ் சொன்னார். அதுவும் சுற்றிலும் ஆங்கிலம் புழங்கும் நாட்டில். வில்லியனூரில் இன்னும் கூடுதலாகும் என்று நினைக்கிறேன்.

கருத்தைத் தமிழில் பேசிப் புரியவையுங்கள், பிள்ளைகள் தமிழிலேயே வாதாடட்டும். பிறகு அதே கருத்தின் ஆங்கிலச் சொற்கள் ஐந்தாறை எடுத்து, அவற்றை வைத்து இரண்டு வாக்கியம் எழுத வையுங்கள். ஒவ்வொரு வரியையும் படித்து மொழிபெயர்த்துச் சொல்லிக்கொண்டே போகும் முறையை மட்டும் விட்டுவிடுங்கள். பிள்ளை தமிழ் வரிக்காகக் காத்திருப்பான், ஆங்கில வரியைக் கேட்கவே மாட்டான்.

மழைக்காலத்தில் விடுமுறை மேல் விடுமுறை. பாடத்தொடர்ச்சி அறுந்துபோகிறதே?

அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்தக் கரையில் புயல் சின்னம் உருவாகாமல் இருக்காது. தானே, ஃபெஞ்சல் என்று பெயர்தான் மாறுகிறது. விடுமுறை முடிந்து வந்ததும் விட்ட இடத்திலிருந்து ஓடாதீர்கள். முதல் பீரியடில் வெள்ளைத் தாள் கொடுத்து, விடுமுறைக்கு முன் படித்ததில் நினைவிருப்பதை எல்லாம் எழுதச் சொல்லுங்கள். கொஞ்சம் மறந்த பிறகு நினைவுகூர்வது, மறக்கும் முன் திருப்பிப் பார்ப்பதை விட உறுதியாகத் தங்கும்.

எனக்கு அதைவிடக் கவலை பருவ முறைப் புத்தகம் உள்ள வகுப்புகள்தான். பை கனம் குறைந்தது, சந்தோஷம். ஆனால் முதல் பருவப் புத்தகம் காலாண்டோடு பரணுக்குப் போய்விடுகிறது, அதிலுள்ள பின்னம் ஜனவரியில் யாருக்கும் நினைவில்லை. அந்தப் புத்தகங்களில் பத்துப் பதினைந்தை வகுப்பு அலமாரியில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

என் மகள் ராத்திரி ஒரு மணி வரை புத்தகத்தில் கோடு போட்டுக்கொண்டே படிக்கிறாள், மார்க் வரவில்லை என்கிறார் ஒரு அம்மா. என்ன சொல்வது?

கோடு போடுவதும் திரும்பத் திரும்ப வாசிப்பதும் உழைத்த திருப்தியைத் தரும், பலன் சொற்பம். 2013இல் ஜான் டன்லாஸ்கியும் மற்றவர்களும் பத்துப் படிப்பு முறைகளை ஒப்பிட்டபோது இவை இரண்டையும் கடைசி வரிசையில் வைத்தார்கள். முதல் வரிசையில் நின்றவை தன்னைத்தானே சோதிப்பதும், நாள் இடைவெளி விட்டுப் படிப்பதும். பக்கத்தை மூடிவிட்டு அம்மாவிடம் சொல்லிக் காட்டட்டும். அம்மாவுக்குப் பாடம் தெரிய வேண்டியதில்லை, "ஏன்?" என்று மட்டும் கேட்டால் போதும். பத்து மணிக்குத் தூங்கட்டும். படித்தது நிலைபெற உறக்கம் வேண்டும்.

போர்ஷன் முடிக்க வேண்டும், பதிவேடுகள் எழுத வேண்டும், ஹெச்.எம். ரவுண்ட்ஸ் வருவார். இதில் எதை மட்டும் தொடங்கலாம்?

பீரியட் தொடக்கத்தில் அந்த நான்கு கேள்வி. ஒரு வகுப்பில், ஒரு பாடத்தில் மட்டும். எட்டாம் வகுப்பில் இரண்டு பிரிவு எடுப்பவராக இருந்தால் ஒன்றில் செய்யுங்கள், இன்னொன்றில் வழக்கம்போல் நடத்துங்கள். ஒரு மாதம் கழித்து இரண்டுக்கும் முன்னறிவிப்பில்லாமல் ஒரே பத்துக் கேள்வி கொடுத்துப் பாருங்கள். இரண்டு பிரிவும் ஒரே தரம் கிடையாது, ஆகவே அதை ஆய்வு என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள், உங்களுக்கு ஒரு துப்பு கிடைக்கும், அவ்வளவுதான்.

நேரம் எங்கே என்றால், தேர்வுக்கு முன் இரண்டு வாரம் ரிவிஷன் என்று ஒதுக்குகிறோமே, அதில் பாதி இங்கே வந்துவிட்டது. பாடக்குறிப்பில் "முன்னறிவு சோதித்தல்" என்று ஒரு பகுதி எப்படியும் எழுதுகிறோம். அதற்கு நேரே இந்த நான்கு கேள்வியை எழுதிவையுங்கள். ஹெச்.எம். வந்து, ஏன் சத்தம் என்று கேட்டால் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுங்கள்.